பித்தம் போகும் வழி

சலவைக் கடைக்கு மேலே இருந்த வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். கடையை நடத்தும் அக்கா. வெளுத்த துணிகளை வேனில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாய்ப் போய்வரும் அத்தான். அக்காவுக்குப் பிறகு ரொம்ப வருடம் கழித்துப் பிறந்த தங்கை. தங்கையை எல்லோரும் சின்னவள் என்றார்கள். தலையில் நரை விழுந்து, மூக்கில் கண்ணாடி ஏறி, நாற்பத்தைந்து தாண்டிய பிறகும் அந்தப் பேர் அவளை விடவில்லை. துணி வாங்க வருகிறவர்கள்கூட "சின்னவங்க வேலைக்குக் கிளம்பியாச்சா?" என்றுதான் விசாரிப்பார்கள். கல்யாணப் பேச்சு சில வருடம் வந்து வந்து போயிற்று. பிறகு அதுவே வருவதை நிறுத்திக்கொண்டது. அவளும் அதைத் தேடிப் போகவில்லை.

சின்னவள் வேதியியல் படித்தவள். முதலில் ஒரு பெயிண்டு ஆலையில் வேலை பார்த்தாள். போன மாதம் அனுப்பிய பச்சையும் இந்த மாதம் அனுப்பப் போகிற பச்சையும் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நிறங்களோடே பல வருடம் குப்பை கொட்டிய பிறகு, கல்லீரலை ஆராயும் கூடம் ஒன்றில் சாயம் செய்யத் தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய் நின்றாள். கல்லீரலைப் பற்றி அப்போது அவளுக்குத் தெரிந்ததெல்லாம், குடித்தால் அது கெட்டுப்போகும் என்பது மட்டும்தான். ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள்.

முதல் நாள் வேலை முடிந்து வந்தவளை, இஸ்திரி மேசைக்குப் பின்னால் இருந்தபடியே அக்கா மடக்கினாள்.

"அங்க என்னதான்டி செய்யச் சொல்றாங்க?"

"பித்தநீர்ல பித்த அமிலம்னு ஒண்ணு இருக்கு. அது உயிரணுவுக்குள்ள எந்த வழியாப் போகுது, எந்த வழியா வெளிய வருதுன்னு பார்க்கணும்."

"பித்தம் தலைக்கேறினவங்களைப் பார்த்திருக்கேன். அதை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவளை இப்பத்தான் பார்க்கிறேன்."

வேனிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அத்தான் சிரித்து, அக்கா பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பைப் பாதியிலேயே விழுங்கினார்.

சின்னவள் விளக்கிச் சொன்னாள். கொழுப்பும் தண்ணீரும் ஒட்டாது. சாப்பிட்ட வெண்ணெய் அப்படியே மிதந்துகொண்டிருந்தால் உடம்பு அதை எடுத்துக்கொள்ள முடியாது. கல்லீரல் பித்த அமிலத்தைச் செய்து அனுப்புகிறது. அதற்கு ஒரு பக்கம் கொழுப்போடு ஒட்டும், மறு பக்கம் தண்ணீரோடு ஒட்டும். இரண்டுக்கும் நடுவில் நின்று கொழுப்பைப் பொடிப்பொடியாய்க் கரைத்துவிடும்.

"சோப்புன்னு சொல்லித் தொலையேன். அமிலம் கிமிலம்னுட்டு."

படித்தவர்களுக்கே விளங்க அரை நாள் ஆகும் விஷயம் அக்காவுக்கு மூச்சுவிடும் நேரத்தில் விளங்கிவிட்டது. சின்னவளுக்கு உற்சாகம் பிறந்தது. "இன்னும் கேளு. கொழுப்பைக் கரைச்சு முடிச்சதும், குடலோட கடைசியில அதைத் திரும்ப உள்ள இழுத்துக்குது உடம்பு. ரத்தத்துல ஏறிக் கல்லீரலுக்கே வந்துடும். மறுபடி அதே வேலைக்குப் போகும். ஒரே நாள்ல பல தடவை. கொஞ்சூண்டுதான் வீணாப்போகும்."

அக்கா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவள் கையில் அது நடுச்சட்டையில் நின்றதைச் சின்னவள் அதற்கு முன் கண்டதில்லை.

"அழுக்கு எடுத்த சோப்பைத் தண்ணியிலேர்ந்து திரும்ப எடுக்குதா?"

"கிட்டத்தட்ட முழுசா."

"எவன்டி அந்த மெஷினைச் செஞ்சான்? எனக்கு ஒண்ணு வாங்கிக் குடு."

கூடத்தில் சின்னவளுக்கு ஜன்னலோரம் ஒரு மேசை கிடைத்தது. பக்கத்தில் நச்சுப் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் கண்ணாடிக் கூண்டு. தலைமைப் பேராசிரியை வேகமாக நடப்பவர், வேகமாகப் பேசுபவர்; தலைமேல் ஏற்றிவிட்ட கண்ணாடியைத் தேடிக்கொண்டே பாதி நாளைக் கழிப்பவர். நடைவழியின் கோடியில் கறுப்புத் திரை போட்ட அறை ஒன்று. நுண்நோக்கி இருந்த இடம் அது. அதைப் பார்த்துக்கொண்டவருக்கு ஆந்தை என்று பேர். பகலெல்லாம் இருட்டில் உட்கார்ந்திருப்பதால் யாரோ வைத்த பேர்; அவரே அறைக் கதவில் ஓர் ஆந்தைப் படத்தை ஒட்டி அதை உறுதிப்படுத்திவிட்டார்.

சிக்கல் இதுதான். பித்த அமிலத்துக்கு நிறம் கிடையாது. எத்தனை பெரிய நுண்நோக்கியை வைத்துப் பார்த்தாலும் உயிரணுவுக்குள் அது கண்ணில் படாது. அதனால் அதன் முதுகில் ஒரு விளக்கைக் கட்டி அனுப்ப வேண்டும். ஒளிரும் சாயம்தான் அந்த விளக்கு. நீல வெளிச்சத்தை அதன்மேல் விட்டால் பச்சையாகத் திருப்பித் தரும். சாயத்தைப் பித்த அமிலத்தோடு பிணைக்க வேண்டும். ஆனால் அது கட்டியிருப்பதே தெரியாதபடி கல்லீரல் அதை வழக்கம்போல உள்ளே விட வேண்டும். சொல்ல எளிது.

சின்னவள் முதலில் நல்ல பிரகாசமான சாயமாகப் பார்த்து எடுத்தாள். பிணைப்பதற்கே பல வாரம் பிடித்தது. குடுவையில் எல்லாம் கலங்கிக் கிடக்கும். அதில் வேண்டியது எது, வேண்டாதது எது என்று பிரிக்க, வெள்ளைத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாக இறக்குவாள். கைவிளக்கின் ஊதா வெளிச்சத்தில் குழாய்க்குள் ஒரு பச்சை வளையம் மெல்ல, மெல்லக் கீழே நகரும். எத்தனை தடவை பார்த்தாலும் அவளுக்கு அது அலுத்ததே இல்லை.

அதை உயிரணுக்களின்மேல் விட்ட அன்று ஆந்தை கணினித் திரையைப் பார்த்து விசில் அடித்தார். கல்லீரல் உயிரணுக்கள் ஒன்றுவிடாமல் பச்சையாய் எரிந்தன. பேராசிரியை பார்த்தார், கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார், படத்தைப் பெரிதாய் அச்சடித்து நடைவழிச் சுவரில் மாட்டச் சொன்னார். சின்னவள் ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

அந்தப் புகழுக்கு நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. ஒரு நாள் உயிரணுக்களின் கருவைப் பார்க்க ஊதா விளக்கைப் போட்டதும் படம் முழுக்க நீல நீலமாய் மின்னல் கீற்றுகள். உயிரணுவுக்குள் புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்று பேராசிரியை துள்ளினார். மறு நாளும் கீற்றுகள் வந்தன. காலித் தட்டிலும் வந்தன. ஆந்தைக்குச் சந்தேகம் தட்டி, சின்னவளின் வெள்ளை மேலங்கி மேல் ஊதா விளக்கைத் திருப்பினார். அங்கி முழுக்க நீலமாய் ஜொலித்தது. அக்கா கடையில் வெளுத்த அங்கி. வெள்ளையை இன்னும் வெள்ளையாகக் காட்டுவதற்குச் சலவைத்தூளில் ஒளிரும் சாயம் கலக்கிறார்கள். அங்கியிலிருந்து உதிர்ந்த பஞ்சு இழைகள்தான் தட்டில் விழுந்து மின்னியிருந்தன.

வீட்டில் இதைச் சொன்னபோது அக்கா கைகொட்டிச் சிரித்தாள். "அவ்வளவு பெரிய மெஷின்ல என் சலவைதான் பளிச்சுன்னு தெரிஞ்சிருக்கு!" கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒரு மாதம் அதையே சொன்னாள்.

பிறகுதான் அடி விழுந்தது. கட்டுரை எழுதுவதற்கு முன்னால் ஒரு சோதனை பாக்கி இருந்தது. விளக்குக் கட்டிய பித்த அமிலத்தோடு, விளக்கில்லாத சாதாரணப் பித்த அமிலத்தை அளவுக்கு மீறிச் சேர்த்து விட வேண்டும். இரண்டும் ஒரே வாசல் வழியாகப் போகிறவை என்றால் வாசலில் நெருக்கடி வரும். பச்சை உள்ளே போவது குறையும். சின்னவள் விட்டாள். பச்சை குறையவே இல்லை. முன்பு எரிந்த மாதிரியே எரிந்தது. இன்னும் கொட்டினாள். அப்போதும் எரிந்தது.

ஆந்தை எழுந்து அறை விளக்கைப் போட்டார். அவள் கட்டிய விளக்கு, தூக்கிப் போகிற ஆளைவிடப் பெரிதாய்ப் போய்விட்டது. கல்லீரல் ஆளைக் கண்டுகொள்ளவே இல்லை. சாயத்தைப் பார்த்து, சாயம் மாதிரியான கண்ட கண்ட பொருளும் நுழைகிற வேறொரு கதவு வழியாக இழுத்துப் போட்டிருக்கிறது. இத்தனை நாள் அவர்கள் பார்த்து வியந்தது பித்த அமிலம் போகும் வழியே அல்ல.

சுவரில் மாட்டிய படத்தை மறுநாள் சின்னவளே கழற்றினாள். பேராசிரியை அவள் தோளைத் தட்டி, "விடும்மா, எழுதினப்புறம் தெரிஞ்சிருந்தா மானம் போயிருக்கும். இப்ப செஞ்ச வேலைதானே வீணாச்சு" என்றார். அது ஆறுதலா இல்லையா என்று அவளுக்குப் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு அரிப்பு. எப்போது தொடங்கியதென்று அக்காவுக்கே தெரியாது. கையைச் சொறிவாள், காலைச் சொறிவாள், துணி மாட்டும் கம்பியை வளைத்து முதுகுக்குள் விட்டுத் தேய்ப்பாள். புதிதாய் வந்த சலவைத்தூள்மேல் பழி விழுந்தது. அதை மாற்றினார்கள். ரப்பர் கையுறை வாங்கினார்கள். தோல் மருத்துவர் ஒரு களிம்பு கொடுத்தார். அது பலிக்காமல் இன்னொன்று கொடுத்தார். தூள் விற்பவனைக் கடை வாசலில் நிறுத்தி வைத்து அக்கா கேட்ட கேள்வியில் அந்த மனுஷன் அந்தத் தெருப் பக்கம் வருவதையே விட்டுவிட்டான். அரிப்பு மட்டும் விடவில்லை. எப்போதும் களைப்பு வேறு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மடித்த போர்வைகள்மேல் தலை வைத்துத் தூங்கிவிடுவாள். முன்பெல்லாம் கடை நேரத்தில் உட்காரக்கூட மாட்டாதவள்.

"நீதான் கெமிஸ்ட்ரி படிச்சவளாச்சே, இந்தத் தூள்ல என்னத்தைக் கலந்து தொலைச்சிருக்கான்னு பார்த்துச் சொல்லு" என்று ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

சின்னவள் கொண்டுபோய்ப் பார்த்தாள். வழக்கமாகச் சலவைத்தூளில் இருப்பவைதான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை, கடைக்கு விடுமுறை, மூன்று பேரும் ரொட்டி தின்றுகொண்டிருக்கும்போது அதைச் சொன்னாள்.

"தூள்ல ஒண்ணுமில்லக்கா."

"அப்போ என் தோலு மோசமா?"

"காட்டு பார்க்கலாம்."

அக்கா முழங்கை வரை நீட்டினாள். நகம் கீறிய கோடுகள் இருந்தன. தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை, சிவப்புத் திட்டு இல்லை. சொறிந்ததால் வந்த காயம் தவிர அந்தத் தோலில் ஒரு குறையும் இல்லை.

"எங்க ரொம்ப அரிக்குது?"

"உள்ளங்கை. அப்புறம் உள்ளங்கால். படுத்தா போதும், எழுந்து காலைத் தரையிலேயே தேய்ச்சுக்கணும்போல இருக்கும்."

சின்னவள் கையில் இருந்த ரொட்டித்துண்டு தட்டில் விழுந்தது. அவள் மேசையில் திறந்துகிடக்கும் புத்தகங்களில் ஒரு பக்கம் விடாமல் வரும் சங்கதி இது. பித்தம் வெளியேறும் வழி கெட்டு அது ரத்தத்தில் தேங்கினால் வரும் அரிப்பு. தோலில் ஒன்றும் தெரியாது, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தொடங்கும். மாதக்கணக்கில் பித்த அமிலத்தையே கட்டிக்கொண்டு அழுகிறவள், மாடிப்படிக்குக் கீழே அது தன் அக்காவைப் பிடுங்கித் தின்பதைக் கவனிக்கவில்லை.

"நாளைக்குக் கடையைத் திறக்க வேண்டாம். ரத்தம் பார்க்கணும்" என்றாள்.

"தோலுக்கு எதுக்குடி ரத்தம்?"

"தோலுக்கு இல்லக்கா. கல்லீரலுக்கு."

அத்தான் எழுந்துபோய் வேன் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் வரைக்கும் அந்தப் பையிலிருந்து அவர் கையை எடுத்ததாகவே சின்னவளுக்கு நினைவில்லை.

கல்லீரல் மருத்துவர் நிதானமான மனிதர். முடிவுகளைப் பார்த்துவிட்டு, கல்லீரலுக்குள் இருக்கும் பொடிப்பொடிப் பித்தக் குழாய்களை உடம்பின் காவல் படையே பகையாளி என்று நினைத்துத் தாக்குகிறது என்றார். ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. நடுத்தர வயதுப் பெண்களுக்குத்தான் அதிகம் வரும். அடியோடு போகாது, ஆனால் இந்த நிலையில் பிடித்துவிட்டால் மாத்திரையால் கட்டிப்போட்டு வைக்கலாம். அரிப்புக்குத் தண்ணீரில் கலந்து குடிக்க ஒரு தூள். பித்த அமிலம் தேங்குவதும் அரிப்புக்கு ஒரு காரணம் என்கிறார்கள், ஆனால் அரிப்பின் கதை இன்னும் முழுக்கப் பிடிபடவில்லை என்றும் மறைக்காமல் சொன்னார்.

"குடிக்கவும் தூள்தானா?" என்றாள் அக்கா.

"தூள்தான்."

"மாத்திரையில என்ன இருக்கு?"

மருத்துவர் சிரித்தார். "அதுவும் ஒரு பித்த அமிலம்தாம்மா. சாதுவான ரகம். முதல்ல கரடியோட பித்தத்துலதான் நிறைய இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. இப்ப ஆலையில செய்யறாங்க."

வேனில் திரும்பினார்கள். சிவப்பு விளக்கில் நின்றபோது அத்தான் கண்ணாடியைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்: "ஏற்கெனவே உறுமுவா. இனிமே கரடி மாத்திரை வேற."

அக்கா அவர் தோளில் ஓங்கி அறைந்தாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று பின்னால் உட்கார்ந்திருந்த சின்னவளுக்குத் தெரியவில்லை. பச்சை விழுந்தும் வேன் கொஞ்ச நேரம் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

சின்னவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். இந்த முறை பிரகாசத்தைப் பார்க்கவில்லை. இருப்பதிலேயே சின்னச் சாயமாகத் தேடினாள். அப்படி ஒன்று கிடைத்தது: பார்க்க ஆரஞ்சு நிறத் தூள், நீல ஒளியில் மட்டும் பச்சை, அதுவும் மங்கல், கொஞ்சம் கூடுதலாய் ஒளி பட்டாலே அவிந்துபோகும். ஆந்தை முகத்தைச் சுளித்தார். "போன தடவை தீப்பந்தம் குடுத்தீங்க. இப்ப ஊதுவத்தி நெருப்பு குடுக்கிறீங்களே."

"இதுதான் கதவுக்குள்ள நுழையும், அண்ணே."

"நுழைஞ்சா சரி. நான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்துக்கறேன்."

சாயத்தை எங்கே ஒட்டுவது என்பதும் சிக்கலாக இருந்தது. பித்த அமிலத்தின் வால்பக்கத்தைப் பார்த்துத்தான் வாசல் அதை அடையாளம் காண்கிறது என்பதால், அந்தப் பக்கத்தைத் தொடாமல் எதிர்முனையில் ஒட்ட நினைத்தாள். இரண்டு தடவை குடுவையில் கறுப்புப் பிசின்தான் மிஞ்சியது. மூன்றாவது தடவை வெள்ளைக் குழாயில் ஒரு மெல்லிய வளையம் இறங்கியது. வீட்டில் அக்கா தன் தூளைக் கலக்கிக் குடித்துவிட்டு, மணலைக் குடித்த மாதிரி இருக்கிறது என்று தினமும் ஒரு பாட்டம் திட்டுவாள். திட்டுக்கு நடுவில், "உன் விளக்கு என்னாச்சு?" என்றும் கேட்பாள்.

"என் விளக்கால உனக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. அது பார்க்க மட்டும்தான்."

"எனக்கு ஆகணும்னு கேட்டேனா? என்னாச்சுன்னுதானே கேட்டேன்."

அந்த நாள் வந்தது. மதியம், வெளியே நல்ல வெயில். கறுப்புத் திரைக்குள் கை தெரியாத இருட்டு. நுண்நோக்கியைச் சுற்றி உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி, அதன் விசிறியின் முனகல். தட்டில், மேலும் கீழும் ஜெல்லிப் படுக்கை விரித்து, நடுவில் பல நாள் வளர்த்த கல்லீரல் உயிரணுக்கள். சாதாரண வெளிச்சத்தில் அவை தெருவில் பதித்த கற்கள் மாதிரி நெருக்கமாய் இருந்தன. பலவற்றுக்கு இரண்டிரண்டு கரு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் மெல்லிய கோடு.

ஆந்தை வெளிச்சத்தை நிறுத்தினார். சின்னவள் சாயத்தைச் சொட்டினாள். அரைக் கண் சிமிட்டல் நேரத்துக்கு மட்டும் நீல ஒளியைத் திறந்து, படம் எடுத்து, மூடி, காத்திருந்து, மறுபடி திறப்பார் அவர். கருமி காசை எண்ணுகிற மாதிரி ஒளியைச் செலவழித்தார்.

திரையில் முதலில் ஒன்றும் இல்லை. அடுத்த படத்திலும் இல்லை. பிறகு புகை மாதிரி ஒரு பச்சை. உயிரணுக்கள் உள்ளுக்குள் மெல்ல வெளுத்தன. ரொம்ப மங்கல், சின்னவள் மூச்சுவிடவே பயந்தாள்.

பிறகு இரண்டு உயிரணுக்களுக்கு நடுவில் ஒரு மயிரிழை எரிந்தது.

அதன் பக்கத்தில் இன்னொன்று. அது போய் முதலாவதோடு சேர்ந்தது. அங்கொன்று இங்கொன்றாய்க் கோடுகள் பற்றிக்கொண்டு, கிளைவிட்டு, ஒன்றோடொன்று கூடின. நிலமே வரையாமல் ஆறுகளை மட்டும் வரைந்த படம்போல இருட்டில் பச்சை வழிகள் விரிந்தன. உயிரணுக்கள் பித்த அமிலத்தை ஒரு பக்கம் வாங்கி, தம் உடம்பின் வழியே கடத்தி, மறு பக்கம் இருந்த அந்த நூல்வாய்க்கால்களில் ஊற்றிக்கொண்டிருந்தன. யாரும் அவற்றுக்குச் சொல்லித்தரவில்லை. உடம்பிலிருந்து பிரித்துக் கண்ணாடியில் போட்ட பிறகும், கரைப்பதற்கு ஒரு துளிக் கொழுப்புகூட இல்லாத இடத்திலும், அவை தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

ஆந்தை படங்களை அடுக்கி வேகமாக ஓட்டினார். வாய்க்கால்கள் அசைந்தன. ஓர் இடம் உப்பியது, சுருங்கியது, பச்சையை அடுத்த இடத்துக்குத் தள்ளியது.

"துடிக்குதா?" என்றாள் சின்னவள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

"துடிக்குது" என்றார் ஆந்தை. வாயைத் திறந்தால் நக்கல் இல்லாமல் மூடாத மனுஷன், திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறு வாரம், முன்பு கவிழ்த்துவிட்ட சோதனையைச் செய்தாள். விளக்கில்லாத பித்த அமிலத்தை அளவுக்கு மீறிக் கொட்டினாள். திரை இருண்டே கிடந்தது. வாசலில் நெருக்கடி! அவள் செய்ததும் அசலும் ஒரே வாசலில்தான் முட்டி மோதிக்கொண்டிருந்தன. இருட்டைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்டவர்கள் உலகத்தில் குறைவாகத்தான் இருப்பார்கள். பேராசிரியை கண்ணாடியைத் தேடவே இல்லை. அது மூக்கில் இருந்தது, அதன் பின்னால் கண் நிறைந்திருந்தது.

அக்காவைக் கூட்டிவரச் சொன்னது பேராசிரியைதான். அக்கா கடையைச் சாத்திவிட்டு, தன்னிடம் இருந்ததிலேயே நல்ல புடவையை உடுத்திக்கொண்டு வந்தாள். அங்கி கொடுத்தார்கள், மடிப்பு சரியில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டுக்கொண்டாள். "நீலமா மின்னுனது இவங்க சலவைதான்" என்று ஆந்தை வரவேற்றார். அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆனால் கறுப்புத் திரை விலகி, விளக்கு அணைந்து, பச்சை வழிகள் ஒவ்வொன்றாய்ப் பற்றத் தொடங்கியதும் அவள் முன்னால் குனிந்தாள். கிசுகிசுத்தாள்.

"இது உயிரோட இருக்கா?"

"இருக்கு."

"ஏன்டி, நாம பேசினா தொந்தரவா இருக்காதே?"

"இருக்காது."

அப்படியும் அவள் குரலை ஏற்றவில்லை. "எனக்கு அடைக்கிறது இந்த வழியா?"

"இது இல்லக்கா. இதெல்லாம் போய்ச் சேர்ற அடுத்த குழாய். அதோட சுவர்தான் உனக்குப் புண்ணாகுது."

"அங்க அடைச்சாலும் இதுங்க ஊத்திக்கிட்டுத்தான் இருக்குமா?"

"முடிஞ்ச மட்டும் ஊத்தும். முடியாதப்ப வேற வழியா ரத்தத்துக்கே திருப்பி அனுப்பித் தன்னைக் காப்பாத்திக்கும்."

அக்கா வலது விலாவின்மேல் கையை வைத்துக்கொண்டாள். இருட்டில் அந்தக் கை அசையாமல் அப்படியே இருந்தது.

"ஒரு வருஷமா இந்த உடம்பைப் போட்டுத் திட்டிக்கிட்டிருக்கேன்டி. சனியன், எழவுன்னு. இது உள்ள உட்கார்ந்துக்கிட்டு, அடி வாங்கிக்கிட்டே, இந்த வேலையைப் பார்த்துக்கிட்டிருந்திருக்கு."

சின்னவள் திரும்பி அக்காவைப் பார்த்தாள். நிறத்தோடே வாழ்ந்தவள், எத்தனையோ பச்சை பார்த்தவள். அக்காவின் முகத்தில் அந்தத் திரையிலிருந்து விழுந்த பச்சைக்கு அவளிடம் பேர் இல்லை.

"இன்னொரு தடவை ஓட்டுங்க தம்பி" என்றாள் அக்கா. ஆந்தைக்கு அவளைவிட இரண்டு வயது கூட இருக்கும். மறுபேச்சில்லாமல் ஓட்டினார்.

கட்டுரை வெளிவந்தது. பேர்களின் நடுவில் சின்னவள் பேரும் இருந்தது. வேறு கூடங்களிலிருந்து அந்த ஆரஞ்சுத் தூளைக் கேட்டு எழுதினார்கள். சின்னக் குப்பிகளில் அடைத்து, வெளிச்சம் படாமல் கறுப்புத் தாள் சுற்றி அனுப்பினாள். ஒரு புது மருந்து பித்தம் வெளியேறும் வாசலை மறிக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க அது சிலருக்குப் பயன்பட்டது. இப்போது அவள் மேசைக்குக் குடல் உயிரணுக்கள் வந்திருக்கின்றன. பித்த அமிலத்தைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் அந்தக் கடைசி வாசலைப் பார்க்க வேண்டும். அதற்கு இந்த விளக்கு ஒத்துவருமா என்று தெரியவில்லை. முதல் முயற்சி ஊற்றிக்கொண்டது.

அக்காவின் அரிப்பு முழுக்கப் போகவில்லை. மூன்றில் இரண்டு பங்கு போயிற்று என்பது அவள் கணக்கு. களைப்பு சில நாள் வரும். அப்போது கடையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு அத்தானை வேலை வாங்குவாள். சில மாதத்துக்கொரு முறை ரத்தம் பார்க்கிறார்கள். எண்கள் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்கின்றன. அது போதும் என்கிறார் மருத்துவர்.

ஒரு நாள் மதியம் மூன்று பேரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். பொரித்த முட்டையும் வெண்ணெய் தடவிய ரொட்டியும். அத்தான் தட்டுகளை எடுக்க எழுந்தார். அக்கா அவரைக் கையமர்த்தினாள்.

"கொஞ்சம் இருங்க."

"எதுக்கு?"

அவள் சின்னவளைப் பார்த்தாள். "சோப்பு இப்பக் கிளம்பியிருக்கும், இல்ல?"

"கிளம்பியிருக்கும்க்கா."

"மூணு பேருக்கும்?"

"மூணு பேருக்கும்."

அத்தான் ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தட்டுகளை வைத்துவிட்டு, தானும் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே பேருந்து ஒன்று நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. கீழே கடை மணி அடித்தது. துணி வாங்க யாரோ வந்திருந்தார்கள். ஆனால் உடனே எழுந்திருக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.